கண்டெடுத்த பொருளும் இரண்டாம் சீலமும்

(போசரியில் தமிழ்த் தொழிலாளர் கூடிய பௌர்ணமி நாளில் நிகழ்த்திய அறவுரை)



இன்று நாம் எல்லோரும் ஒருவாயாகச் சொல்லி ஏற்ற ஐந்து சீலங்களுள் இரண்டாவதைப் பற்றிச் சிறிது ஆராய்வோமாக. கொல்லாமை இன்னதென்பது குழந்தைக்கும் விளங்கும். கள்ளுண்ணாமை இன்னதென்பதும் விளங்கும். கொடாததைக் கொள்ளாமை என்னும் சீலமோ எளிதுபோலத் தோன்றி, நெருங்கிப் பார்க்குங்கால் நுட்பமுடையதாக இருக்கின்றது. பூட்டை உடைத்தவன் திருடன், பிறர் சட்டைப் பையிற் கைவிட்டவன் திருடன், இதில் ஐயமில்லை. வழியிற் கிடந்த பையைக் குனிந்து எடுத்தவன் யார்? அவன் பூட்டை உடைத்தானில்லை. ஒருவர் மடியிலும் கை வைத்தானில்லை. பொருள் தானே அவன் காலடியிற் கிடந்தது. அவன் சீலம் கெட்டவனா, கெடாதவனா?

இவ்வூரில் இஃது ஏட்டுக் கேள்வி அன்று. போசரி உழைப்பாளிகளின் ஊர். புனேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்துத் தொழிற்பேட்டை பரந்து கிடக்கின்றது. ஷிப்டு மாறும் வேளையில் ஆலை வாயில்களிலும், பேருந்து நிலையத்திலும், தேநீர்க் கடைகளிலும் உண்டாகும் நெருக்கத்தை நீங்கள் நாள்தோறும் காண்கின்றீர்கள். அந்நெருக்கத்தில் ஒருவர் கைப்பேசியை நழுவ விடுகின்றார். ஒருவர் பர்ஸை இழக்கின்றார். ஒரு தாயின் கழுத்துச் சங்கிலி அற்று விழுகின்றது. ஒருவர் இழக்கும் பொருள் மற்றொருவர் கண்ணிற் படுகின்றது. அந்தக் கணத்தில் அவர் என் செய்ய வேண்டும்?

யாம் ஆலையில் நூல் நூற்ற காலந்தொட்டு இக்கேள்விக்கு இரண்டு விடைகளைக் கேட்டு வருகின்றோம். 'கிடந்ததை எடுத்தேன், அஃது என் அதிர்ஷ்டம்' என்பது ஒன்று. 'எடுத்தால் வம்பு; பாராதவன்போற் போய்விடு' என்பது மற்றொன்று. முதல் விடை ஆசையிற் பிறந்தது. இரண்டாம் விடை அச்சத்திற் பிறந்தது. ஆசையும் அச்சமும் அறத்திற்கு வழிகாட்டா. கண்டெடுத்த பொருள் நமக்கு வந்த பரிசும் அன்று, தொடத்தகாத நெருப்பும் அன்று. உடையவர் தம் வாயால் ஒப்படையாமலே நம் கைக்கு வந்து சேர்ந்த அடைக்கலப் பொருள் அது. தம்மமும் இதையே கூறுகின்றது. நாட்டுச் சட்டமும் இதையே கூறுகின்றது. இதனை விளக்குவதே இன்றைய அறவுரையின் நோக்கம்.

சீலத்தின் பொருள்

இரண்டாம் சீலத்தில் நாம் விலக்குவதாக ஏற்பது 'அதின்னாதானம்'. அதின்னம் என்றால் கொடுக்கப்படாதது. ஆதானம் என்றால் எடுத்துக்கொள்ளுதல். பகவன் 'திருடாதே' என்ற அளவில் நிறுத்தினாரில்லை என்பதைக் கவனியுங்கள். 'பறித்தேனா?' என்று கேட்பின் வழியிற் கண்டெடுத்தவன் 'இல்லை' என்று தப்பிவிடுவான். 'ஒருவர் உனக்குக் கொடுத்தாரா?' என்று கேட்பின் அவனுக்கு விடை இல்லை. சாலை யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை.

இக்குற்றம் நிறைவுற ஐந்து உறுப்புகள் வேண்டும் என்று பௌத்த உரையாசிரியர்கள் வகுத்துள்ளனர். பொருள் பிறருக்கு உரியதாய் இருத்தல், பிறருக்கு உரியதென்று அறிந்திருத்தல், கள்ள எண்ணம், அதற்கான முயற்சி, பொருளைக் கைக்கொள்ளுதல் என்பன அவை. நடுவில் நிற்கும் கள்ள எண்ணமே இவற்றுக்கு உயிர். உடையவரிடம் சேர்ப்பிக்கும் எண்ணத்தோடு எடுத்தவரிடம் அவ்வுறுப்பு இல்லை; ஆகவே குற்றமும் இல்லை. ஆயின் எண்ணம் மாறும் இயல்புடையது. காலையிற் கொடுக்கவென்று எடுத்தவன் மாலையில் மனைவியிடம் மறைப்பானாயின், மறைக்கும் அந்நேரத்தில் கள்ள எண்ணம் உள்ளே புகுந்துவிட்டதென்று அறிக.

எறியப்பட்டதும் இழக்கப்பட்டதும் ஒன்றல்ல. குப்பைமேட்டிற் கிடந்த கந்தையைப் பிக்குகள் பொறுக்கித் துவைத்துத் தைத்துச் சீவரமாக உடுத்தனர். அதற்குப் பம்சுகூலம் என்று பெயர். அதில் குற்றமில்லை, உடையவர் விட்டொழித்த பொருள் அது. வேறுபாடு பொருளில் இல்லை. உடையவர் உள்ளத்தில் இருக்கின்றது. எறிந்தவன் திரும்பிப் பாரான். இழந்தவன் வந்த வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். இழந்தவன் கண்ணால் அப்பொருளைப் பார்க்கக் கற்பவனே இச்சீலத்தைக் காப்பவன்.

வினயம் கூறும் முறை

கண்டெடுத்த பொருளைப் பற்றி வினய பிடகத்தில் தனியே ஒரு விதி இருக்கின்றது. அது தோன்றிய வரலாறு மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டது. அவற்றை நீங்கள் அவசியம் அறிதல் வேண்டும்.

சாவத்தி நகரை அடுத்து அசிரவதி என்னும் ஆறு ஓடியது. அங்கு நீராடிய பிராமணர் ஒருவர் 500 காசு கொண்ட பையைக் கரையில் வைத்து, மறந்து சென்றார். அங்கே நீராட வந்த பிக்கு ஒருவர், 'இது வீணே அழிந்து போகலாகாது' என்று எடுத்து வைத்தார். பிராமணர் பதறித் திரும்பி ஓடி வந்தார். பிக்கு பையைக் கொடுத்தார். அக்காலத்தில் கண்டெடுத்துக் கொடுத்தவருக்குச் சன்மானம் வழங்கும் வழக்கம் இருந்தது. அச்சன்மானத்தைக் கொடாமல் தப்புவது எங்ஙனம் என்று சிந்தித்த அம்மனிதர், 'என் பையில் இருந்தவை 500 அல்ல, 1000' என்று கூறிப் பிக்குவைத் தடுத்து நிறுத்தி அலைக்கழித்துப் பின்னரே விட்டார். செய்தி பகவனுக்கு எட்டியது. பிக்கு விலைமதிப்புள்ள பொருளைக் கையால் எடுத்தலாகாது என்று விதி செய்தார்.

அன்பர்காள்! 'எடுத்தால் வம்பு' என்று நம்மவர் சொல்வது இக்கதையிலேயே இருக்கின்றது பாருங்கள். பகவன் அவ்வச்சத்தை அறியாதவர் அல்லர். ஆயின் அவ்விடத்திலேயே நின்றுவிட்டாரா? இல்லை.

அடுத்து, மிகாரமாதா என்று புகழ்பெற்ற விசாகை அம்மையார் விகாரத்திற்கு வந்தவர், தம் அணிகலன்களைக் கழற்றி மூட்டையாகக் கட்டி வைத்தார். அறவுரை கேட்டபின் மறந்து சென்றார். பிக்குகள் விதிக்கு அஞ்சித் தொடாமல் பகவனிடம் முறையிட்டனர். 'விகாரத்தின் எல்லைக்குள் கிடந்தால் எடுத்து வையுங்கள்' என்று அவர் விதியைத் திருத்தினார்.

மூன்றாவது நிகழ்ச்சி நம் போன்றாரைப் பற்றியது. காசி நாட்டில் அனாதபிண்டிகருக்குச் சொந்தமான தொழிற்கிராமம் ஒன்று இருந்தது. அவர்தம் ஆள் ஒருவர் தம் மோதிரத்தைக் கழற்றி வைத்து, அவ்வழியே வந்த பிக்குகளுக்கு உணவளித்து, 'உண்டபின் செல்லுங்கள், யான் வேலைக்குப் போகின்றேன்' என்று கூறிச் சென்றார். மோதிரம் அங்கேயே இருந்துவிட்டது. 'நாம் போய்விட்டால் இம்மோதிரம் தொலைந்துவிடும். எடுத்தாலோ விதி தடுக்கும்' என்று பிக்குகள் அவர் வேலை முடித்து வரும்வரை அங்கேயே காத்திருந்தனர். இதனைக் கேட்ட பகவன், தங்கியிருக்கும் இடத்திற் கிடந்தாலும் எடுத்து வைக்கலாம் என்று மறுபடியும் திருத்தினார். பிறர் பொருள் அழியாமற் காப்பதே விதியின் உயிர் என்பது இதனால் விளங்கும்.

எடுத்தபின் செய்யவேண்டிய முறையையும் வினயம் வரிசையாகக் கூறுகின்றது. பொருளின் வடிவையும் அடையாளத்தையும் மனத்திற் குறித்துக்கொள்க. 'பொருள் இழந்தவர் வருக' என்று அறிவிக்க. வருபவரிடம் பொருளை முன்னே காட்டாமல், 'நீ இழந்தது எத்தகையது?' என்று வினவுக. அடையாளம் பொருந்தினால் கொடுக்க. பொருந்தாவிடில், 'தேடிப் பாரும்' என்று அனுப்புக. அவ்விடத்தை விட்டுச் செல்ல நேரின் தக்க பிக்குகளிடமும், அவர் இல்லையேல் தக்க இல்லறத்தாரிடமும் ஒப்படைத்துச் செல்க. விதி பிக்குகளுக்கு உரியது. முறையோ நம் எல்லோருக்கும் பொருந்துவது.

நாட்டுச் சட்டம்

இனி நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். யாம் வழக்கறிஞர் அல்லோம். ஆலை வேலைக்குப் பின் இரவு விளக்கில் எழுத்தெண்ணிப் படித்தவர். தொழிலாளிக்குச் சட்டம் தெரியாமல் இருப்பது இருட்டில் எந்திரத்தைத் தொடுவது போன்றது என்பது எம் கருத்து.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 71-ஆம் பிரிவின்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தம் கைவசம் வைத்துக்கொள்பவர், பிறர் பொருளைக் காவலுக்கு ஏற்றவருக்குள்ள அதே பொறுப்பை உடையவர் ஆகின்றார். 'கைவசம் வைத்துக்கொள்பவர்' என்பதை நோக்குக. எடுக்கும்வரை சட்டம் உன்னை வற்புறுத்தாது. எடுத்தபின் எளிதில் விடாது. எத்துணைக் கவனத்தோடு காக்கவேண்டும் என்பதற்கு 151-ஆம் பிரிவு அளவுகோல் தருகின்றது. சாதாரண அறிவுடைய ஒருவர் அதே மதிப்பும் தன்மையும் உள்ள தம் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்கவேண்டும். தன்னைப்போற் பிறரையும் எண்ணுதல் என்பது தம்மம். தன் பொருளைப்போற் பிறர் பொருளையும் காத்தல் என்பது சட்டம்.

பிறர் பொருளைக் காவலாக ஏற்று ஒழுகுதல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. இந்த நாசிக் சாலை வழியே சென்று அந்நகரத்துப் பௌத்தக் குகைகளைப் பாருங்கள். ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் உஷவதாதர் பிக்குகளின் செலவுக்காக 3000 காசுகளை அளித்த செய்தி அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றது. அம்முதல் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? நெசவாளர் சங்கங்கள் இரண்டிடம். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் அறத்திற்கு அளிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. தறி நெய்த கைகளை நம்பி ஒரு நாட்டின் அறநிதி வைக்கப்பட்டது என்பதை நூலாலையில் உழைத்த யாம் பெருமையோடு எண்ணுகின்றோம்.

இனித் தண்டனைச் சட்டம். 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவில் இருந்த விதி, 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 314-ஆம் பிரிவாக இருக்கின்றது. காப்பதற்கோ உடையவரிடம் சேர்ப்பதற்கோ எடுத்தவர் குற்றவாளி அல்லர். உடையவர் யாரென்று அறிந்திருந்தும், அல்லது அறியும் வழி இருந்தும் தமதாக்கிக்கொண்டவர் குற்றவாளி. உடையவரைத் தேடித் தெரிவிக்கத் தக்க முயற்சி செய்யாமலும், அவர் வந்து கேட்பதற்குத் தக்க காலம் வைத்திராமலும் தமதாக்கிக்கொண்டவரும் குற்றவாளியே. பழைய சட்டத்தில் இரண்டாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ தண்டனை. புதிய சட்டத்தில் ஆறு மாதத்திற்குக் குறையாமல் இரண்டாண்டு வரை சிறையும், அதனோடு அபராதமும் உண்டு. தண்டனை முன்னிலும் கடுமையாகியிருப்பதைக் கண்டுகொள்ளுங்கள்.

சட்டமே சில எடுத்துக்காட்டுகளைத் தருகின்றது. பெருஞ்சாலையிற் கிடந்த ஒரு ரூபாயை, யாருடையதென்று அறியாமல் எடுத்தவர் குற்றவாளி அல்லர். கடிதத்தோடு கூடிய பணத்தாளைக் கண்டெடுத்து, கடிதத்தைப் படித்து உடையவரை அறிந்தும் வைத்துக்கொண்டவர் குற்றவாளி. ஒருவர் பர்ஸை நழுவ விட்டதைக் கண்ணாற் கண்டு, கொடுக்கவென்று எடுத்து, பின்பு மனம் மாறியவர் குற்றவாளி. விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, உடையவரைத் தேடாமல் உடனே விற்றவர் குற்றவாளி. கள்ள எண்ணம் பின்னர்ப் புகுந்தாலும் குற்றமே என்று சீலத்தைப் பற்றிச் சொன்னோமே, அஃது இங்கும் இருப்பதைக் காண்கின்றீர்கள்.

எடுத்தவருக்குரிய உரிமைகள்

கடமையை மட்டும் கூறி உரிமையை மறைப்பவன் உபதேசி அல்லன். அவன் முதலாளியின் கங்காணி. ஆகவே கண்டெடுத்தவருக்குள்ள உரிமைகளையும் கேளுங்கள்.

பொருளைக் காப்பதற்கும் உடையவரைத் தேடுவதற்கும் நாமே மனமுவந்து செய்த செலவுக்காக அவர்மேல் வழக்குத் தொடுக்க இயலாது. எனினும் அச்செலவைப் பெறும்வரை பொருளைக் கொடாமல் வைத்திருக்க 168-ஆம் பிரிவு உரிமை தருகின்றது. உடையவர் குறிப்பிட்ட சன்மானம் அறிவித்திருந்தால் அதற்காக வழக்கும் தொடுக்கலாம். அதைப் பெறும்வரை பொருளை வைத்தும் இருக்கலாம். அசிரவதிக் கரையில் சன்மானத்தை ஏய்க்கப் பொய் கூறினாரே, அத்தகையாருக்கு இது விடை. 169-ஆம் பிரிவு விற்கும் உரிமையைக் கூறுகின்றது. சந்தையில் விற்பனைக்குரிய வகைப் பொருளாய், உடையவரைத் தக்க முயற்சியாலும் காணமுடியாவிடில், அல்லது கேட்டும் அவர் நியாயமான செலவைக் கொடுக்க மறுத்தால், இரண்டு நிலைகளில் விற்கலாம். பொருள் அழியும் நிலையிலோ பெரும்பகுதி மதிப்பை இழக்கும் நிலையிலோ இருப்பது ஒன்று. காப்புச் செலவு பொருளின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டுவது மற்றொன்று. இந்நிலைகள் இல்லாமல் விற்பது ஆபத்து.

சன்மானத்தைப் பற்றி அலகாபாத்து உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு உள. கான்பூரில் ஒருவர் வீட்டுச் சிறுவன் காணாமற் போனான். அவரிடம் கணக்கெழுதிய லால்மன் சுக்லா என்பவர் தேடிவர ஹரித்துவாரம் அனுப்பப்பட்டார். அவர் புறப்பட்டபின் 501 ரூபாய் சன்மானம் அறிவிக்கப்பட்டது. அஃது அறியாமலே அவர் சிறுவனைக் கண்டுபிடித்தார். பின்பு அத்தொகையைக் கேட்டு வழக்காடினார். அறிவிப்பை அறியாமற் செய்த செயலால் ஒப்பந்தம் உண்டாகாது. தேடுவது அவருக்கு முன்னமே இட்ட கடமை என்று 1913-இல் வழக்குத் தள்ளப்பட்டது. 1925-இல் வந்த ஹர்பஜன் லால் வழக்கிலோ, 500 ரூபாய் சன்மானத் துண்டறிக்கையை அறிந்தவர் காணாமற் போன சிறுவனைக் கண்டு, போலீஸ் நிலையத்திற் சேர்த்துத் தந்தைக்குத் தந்தியும் கொடுத்தார். அவருக்கு உரிமை உண்டென்று தீர்ப்பாயிற்று. சன்மானம் அறிவிக்கப்பட்டதா, எப்போது அறிந்தோம் என்பவற்றைக் குறித்து வைத்தல் நலம் என்பது இதனால் விளங்கும்.

உடையவர் நீங்கலான மற்றெவரும் கண்டெடுத்தவரிடமிருந்து பொருளைப் பறிக்க உரிமையற்றவர். இக்கருத்தை நிலைநாட்டியது 1722-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு. புகைபோக்கி துடைக்கும் ஏழைச் சிறுவன் ஒருவன் மணிகள் பதித்த அணியொன்றைக் கண்டெடுத்தான். பொற்கொல்லர் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினான். அங்கிருந்த பணியாள் நிறுப்பவன்போல் மணிகளைக் கழற்றிக்கொண்டான்; பொற்கொல்லர் மூன்று அரைப்பென்னிக் காசு தருவதாகச் சொன்னார். சிறுவன் மறுத்துப் பொருளைக் கேட்டபோது, மணியில்லாத வெற்றுக் கூட்டைத் தந்தனர். சிறுவன் வழக்குத் தொடுத்து வென்றான். மணியைக் கொண்டுவந்து காட்டாவிடில், அக்கூட்டிற் பொருந்தும் மணிகளுள் மிக உயர்ந்ததன் விலையையே கணக்கிடுக என்று நீதிபதி கூறினார். கரி படிந்த கையாயினும் சட்டத்தின் முன் கை கையே.

எடுத்த இடத்தையும் நோக்கவேண்டும். 1851-இல் இங்கிலாந்தில் ஒரு கடையின் தரையிற் கிடந்த பணத்தாள் கட்டைக் கண்டெடுத்து, உடையவரிடம் சேர்க்குமாறு கடைக்காரரிடம் ஒப்படைத்தார் ஒருவர். மூன்றாண்டு கழிந்தும் உடையவர் வரவில்லை. கடைக்காரரைவிடக் கண்டெடுத்தவருக்கே உரிமை என்று தீர்ப்பாயிற்று. 1896-இலோ, குடிநீர்க் கம்பெனி ஒன்றின் குளத்துச் சேற்றை அள்ளிய கூலியாள் இரண்டு பொன்மோதிரங்களைக் கண்டெடுத்தபோது, நிலத்தையும் அதில் அடங்கியதையும் தன் ஆட்சியில் வைத்திருந்த கம்பெனிக்கே அவை சேரும் என்றனர். இவை அயல்நாட்டுத் தீர்ப்புகளாயினும் நம் நாட்டில் சட்டம் பயில்வோரும் பயில்வன. தொழிற்சாலைக்குள் வேலையின்போது கண்டெடுத்ததை அங்குள்ள பொறுப்பாளரிடமே எழுத்துமூலம் ஒப்படைப்பது நல்லது. அஸ்திவாரம் தோண்டும் கட்டிடத் தொழிலாளருக்கு ஒரு சொல்: மண்ணுள் மறைந்த 10 ரூபாய்க்கு மேற்பட்ட எப்புதையலையும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்டக் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும். உடையவர் இல்லாதது என்று அறிவிக்கப்பட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு சேரவும் வழியுண்டு. மறைத்தாலோ பங்கும் போகும்; சிறையும் வரும்.

அச்சமும் அதற்கு மருந்தும்

இவ்வளவு கூறியும், 'ஐயா, ஏழை எடுத்துக்கொண்டு போனால் அவனையே திருடன் என்பார்களே!' என்று உங்கள் உள்ளம் சொல்வது எமக்குக் கேட்கின்றது. வேற்று மொழி பேசும் ஊரில், ஒப்பந்தக் கூலியாக நிற்பவனுக்கு இவ்வச்சம் இயல்பே. நம் கோவலன் கதையை நினையுங்கள். தன் மனைவியின் சிலம்பையே விற்கச் சென்றவன் கள்வனாக்கப்பட்டு உயிரிழந்தான். சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்னும் கேள்வி அவன் இறந்தபின்னரே மதுரை அவையில் எழுந்தது. 'அடையாளம் கூறு' என்று முன்னே வினவியிருந்தால் ஓர் உயிரும் ஒரு நகரும் தப்பியிருக்கும். வினயம் அடையாளத்தை வற்புறுத்துவதன் அருமை இப்போது விளங்குகின்றதன்றோ?

அச்சத்திற்கு மருந்து ஒளிவின்மை. யாம் ஆலையிற் பணிபுரிந்த நாளில், சம்பள நாளன்று உடன் உழைத்த ஒருவர் தரையிற் கிடந்த சம்பள உறையைக் கண்டெடுத்தார். எடுத்த கையைத் தலைக்கு மேல் உயர்த்தியபடியே மேஸ்திரியிடம் நடந்தார். 'இதென்ன கோலம்!' என்று சிலர் நகைத்தனர். உறைக்குரியவர் வந்து பிரித்து எண்ணி, நூறு ரூபாய் குறைகின்றதென்றார். உறையின் ஒட்டு அதுவரை பிரியவேயில்லை என்று எட்டுப்பேர் ஒரே குரலிற் கூறினர். கணக்கரை வினவ, பிடித்தம் போக இட்ட தொகையே அவ்வளவுதான் என்று தெரிந்தது. உயர்த்திய அந்தக் கையே அவருக்குச் சாட்சியாயிற்று.

நீங்களும் அவ்வாறே செய்க. எடுத்தவுடன் அருகிலிருப்போர் இருவரை அழைத்துக் காட்டுக. திறக்க நேரின் அவர்கள் முன்னிலையில் திறந்து எண்ணுக. நாள், நேரம், இடம், பொருள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுக. பேருந்திற் கிடைத்தால் நடத்துநரிடம் சாட்சியோடு கொடுக்க. சாலையிற் கிடைத்தால் போலீஸ் நிலையத்திற் கொடுத்து, கொடுத்ததற்கு எழுத்து வாங்குக. ஒப்படைக்கப்படும் உரிமையாளர் தெரியாத பொருளை ஏற்றல் போலீசாரின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரப் போலீஸ் சட்டம் கூறுகின்றது. அவர்கள் நமக்குக் காட்டும் தயவு அன்று அது. கண்டெடுத்த கைப்பேசியை அணைத்து வையாதீர்; இழந்தவர் முதலில் தம் எண்ணுக்கே அழைப்பார். நம் வங்கிக் கணக்கில் தவறி வந்து விழும் பணமும் இவ்வகையே. தவறுதலாகச் செலுத்தப்பட்ட பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று 72-ஆம் பிரிவு கட்டளையிடுகின்றது.

ஒன்றை மட்டும் தொடாதீர். கூட்டம் மிகுந்த இடத்தில் ஆளின்றிக் கிடக்கும் பெரிய பையைத் திறவாமல், விலகி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள். 2010 பிப்ரவரி 13 அன்று புனே ஜெர்மன் பேக்கரியில் குண்டு வெடித்து உயிர்களைக் குடித்தது அத்தகைய பையிலிருந்தே. அங்கே தொடாமையும் பிறரைக் காத்தலே.

நம் நேர்மை யாருக்காக?

முடிவாக ஒன்று. ஏழைத் தொழிலாளி ஒருவர் கண்டெடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், 'ஏழையாயினும் நேர்மையானவர்' என்று பத்திரிகையில் எழுதுகின்றனர். அப்புகழ்ச்சியின் உள்ளே ஓர் இழிவு ஒளிந்திருக்கின்றது. ஏழை எடுத்துக்கொள்வதே இயல்பு என்று எண்ணியவர்க்கன்றோ அவன் திருப்பிக் கொடுப்பது வியப்பாகும்? வறுமை நம்மீது சுமத்தப்பட்டது. களவு நம் இயல்பன்று. நம் போசரிக்கு அண்மையிலுள்ள தேஹூ ரோட்டில் 1954 டிசம்பர் 25 அன்று டாக்டர் அம்பேத்கர் புத்தர் திருவுருவை நிறுவினார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் தம் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள் களவு செய்யாமையும் ஒன்று. சட்டத்தை எழுதிய கையே சீலத்தையும் வழங்கியது. உரிமையைக் கேட்பவன் கடமையிலும் குறையாதவனாக நிற்கவேண்டும் என்பது அதன் கருத்து.

ஆகையால், அன்பர்காள், பிறர் புகழ்வதற்காகக் கொடாதீர். தண்டனைக்கு அஞ்சி மட்டும் கொடாதீர். வந்த வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்து நிற்கும் அந்த மனிதரை எண்ணிக் கொடுங்கள். அவர் இழந்தது பணம் என்று நாம் நினைப்போம். ஒருகால் அது மகளின் பள்ளிக் கட்டணமாயிருக்கும். ஊருக்கு அனுப்பவிருந்த மருந்துச் செலவாயிருக்கும். அப்பொருளைக் கொடுக்கும்போது அவர் மனக்கலக்கத்தையும் நாம் தீர்க்கின்றோம். இரண்டாம் சீலம் இங்கே கருணையாக மலர்கின்றது.

இழந்தவர் பெறுக. கண்டவர் காக்க. உழைப்பவர் எவரும் பழியின்றி வாழ்க.

சாது! சாது! சாது!